அசையாதே, பூவாயி!

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பிரபாவதி அம்மாள் அதட்டினார்: “அசையாதே!” எதிரே நின்றது ஒரு சிமெண்டுச் சிலை. அது சொன்னபடி கேட்டது.

ஷார்ஜா ரோலாவில் ஸ்டூடியோ வைத்த முதல் பெண் தாம்தான் என்பது அவர் கட்சி. மறுத்தால் டீ கிடைக்காது என்பதால், அவருக்குப் பை தூக்கப் போகும் நான் மறுத்ததில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களைக் கண் இமைப்பதற்குள் எடுத்து அனுப்பிவிடுவார். சிலை என்றால் மட்டும் மரப்பெட்டிக் கேமராவும், தாமே மருந்து பூசிய கண்ணாடித் தகடும் வெளியே வரும். “மனுஷங்களுக்கு மூக்கு அரிக்கும், போன் வரும். கேமரா வந்த புதுசுலயே சிலையத்தான் எடுத்தாங்க, தெரியுமா?” என்பார். ஒரு சிலைக்கு ஒரே தகடு. இரண்டாவது எடுப்பவருக்கு முதலாவதை எடுக்கத் தெரியவில்லை என்று அர்த்தமாம்.

இந்தச் சிலை தொழிலாளர் கேம்ப்பில் மாயாண்டி செய்தது. கட்டட வேலையில் மிஞ்சிய சிமெண்டைக் குழைத்து, சிவகங்கைப் பக்கம் ஊரிலிருக்கும் மனைவி பூவாயியை மதில் ஓரம் நிறுத்திவிட்டார். கம்பெனிக்கு பஸ் நிறுத்த அந்த இடம் வேண்டுமாம். இடிப்பதற்கு ஜேசிபியோடு முகம்மது சித்தீக் வந்து காத்திருந்தார்.

“போன்ல எடுத்து அனுப்புனேன்க்கா. சிமெண்டு மூட்டைய எதுக்குய்யா அனுப்புறன்னு கேட்டுப்புட்டா,” என்றார் மாயாண்டி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. “இது தான்தான்னு அவளுக்குத் தெரியணும். அம்புட்டுதான்.”

“உச்சி வெயில்ல எடுத்தா நானும் மூட்டைதான்,” என்றார் பிரபாவதி அம்மாள். முந்தானையால் பூவாயியின் கன்னத்துத் தூசியைத் துடைத்தார். காலை வெயில் சாய்ந்து வந்து மூக்குத்தியைத் தொடும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு லென்ஸ் மூடியைக் கழற்றி, வாய்க்குள் எண்ணி, மூடினார்.

“கலாஸாக்கா? முடிஞ்சுதா?” சித்தீக் இன்ஜினை முறுக்கினார்.

படம் நன்றாக விழுந்துவிட்டது என்பது அம்மாள் முகத்திலேயே தெரிந்தது. இனி இடிக்கத் தடையில்லை. மாயாண்டி சிலையைப் பார்க்கமாட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

பிரபாவதி அம்மாள் மாயாண்டியை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, என் பக்கம் கையை மட்டும் நீட்டினார்.

“பையில இன்னொரு தகடு இருக்கும். எடுங்க.”