இமானுவேல் குடிக்காத தண்ணீர்

இமானுவேல் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டால் வெளியே ஊர் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோகும். அந்தக் காலத்துக் கல்யாண போட்டோக்காரர் மாதிரி முதுகு மட்டும் தெரியும். துணிக்குள் ஓர் அட்டைப்பெட்டி, அதில் கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு, விளக்குக்கு முன்னால் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பியில் இருக்கும் திரவத்தைப் பகலில் பார்த்தால் நீர்த்துப்போன டீத்தண்ணி என்றுதான் நினைப்போம். ஊதா விளக்கில் அது மாதுளை முத்தாகச் சிவந்து ஒளிரும். அதில் கிணற்றுத் தண்ணீரை மூன்று சொட்டு விட்டு நூறு வரை எண்ணுவார். சிவப்பு அப்படியே நின்றால் பயமில்லை. அணைந்துபோனால் அந்தத் தண்ணீரில் பாதரசம் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

"எரிடா ராசா, எரி" என்று துணிக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்கும். வேலை நேரத்தில் அவர் மனம்விட்டுப் பேசுவது அந்தக் குப்பியோடு மட்டும்தான்.

குப்பியில் இருப்பது தங்கம். இருபது முப்பது அணுக்கள் மட்டும் சேர்ந்த துணுக்குகளாக அதை முட்டை வெள்ளைக்கருவுக்குள் வளரவிட்டால், தங்கம் தன் மஞ்சளை விட்டுவிட்டுச் சிவப்பாக ஒளிர ஆரம்பிக்கிறது. பாதரசம் பட்டதும் அந்த ஒளி செத்துவிடும். வளர்ப்பதெல்லாம் காரைக்குடி ஆய்வுக்கூடம் ஒன்றில் பெரிய படிப்புப் படித்தவர்கள். முட்டை வாங்கி வருவதும், வெள்ளையைப் பிரித்துக் கொடுப்பதும், ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடிப்பதும் திட்ட உதவியாளர் இமானுவேல். மீந்த மஞ்சள் கருவெல்லாம் டிபன் பாக்ஸில் மானகிரியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போகிறது. "ஆறு வருசமா எங்க வீட்ல மஞ்சக்கரு ஆம்லெட்டுதேன். ஆராய்ச்சி எம்புட்டு தூரம் போயிருக்குன்னு எம் பொஞ்சாதி கொலஸ்ட்ராலப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்பார். சகாயராணி சிரிக்க மாட்டார். ஒப்பந்த வேலை; ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பிக்க வேண்டும். அந்த வீட்டில் பிப்ரவரி பிறந்தாலே பேச்சு குறைந்துவிடும்.

பாட்டிலை நனைக்கும் முன்பே பெயர் எழுதி ஒட்டுவார். பிடிக்கப்போகும் தண்ணீராலேயே மூன்று முறை அலசுவார். செம்புக் குடத்துத் தண்ணீரைத் தொட மாட்டார். செம்பும் சிவப்பை மங்கவைக்கும். எக்ஸெல் வண்டியின் பின்னால் ஐஸ்பெட்டியைக் கட்டும் கயிற்றுக்கு இரண்டு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. அவ்வளவு கவனமான மனிதர். என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "ரிப்போர்ட்டு வரும்மா." ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்தின் உத்தரவு அப்படி. குப்பி சில நேரம் பொய் சொல்லும், ஆகவே சென்னையில் பெரிய இயந்திரத்தில் பார்த்து, கையெழுத்தாகி வரும்வரை ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. உத்தரவில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதம் வர மூன்று வாரம் ஆகிறது.

இன்னொன்று, இமானுவேல் யார் வீட்டிலும் தண்ணீர் குடிப்பதில்லை. நல்ல தண்ணீரானாலும் இல்லை. இந்தப் பக்கத்தில் படியேறியவருக்கு முதலில் நீட்டுவது சொம்புத் தண்ணீர்தான். நிலபுலம் உள்ள குடும்பத்துக்காரர் காலனித் தெருவில் அதை வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அதைச் சின்னப்பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. "கழுத்துல சிலுவை தொங்குது. நம்ம வீட்டுத் தண்ணி மட்டும் தொண்டையில எறங்காது போல" என்று அவர் காதுபடவே பேசுகிறார்கள். அவர் குனிந்து கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்.

நாலு வருஷத்துக்கு முன்பு வரை குடித்துக்கொண்டுதான் இருந்தார். நகைப் பட்டறைக் குப்பையைப் பாதரசம் விட்டு அலசித் தங்கம் எடுக்கும் கொட்டகை ஒன்று ஒரு காலனியை ஒட்டி இருந்தது. அங்கே குப்பி சுத்தமாக அணைந்துபோயிற்று. துணியிலிருந்து தலையை எடுத்தபோது எதிரே ரேணுகா, ஏழு மாதக் கர்ப்பிணி, டம்ளர் நிறையத் தண்ணீரோடு நின்றாள். இமானுவேலின் அப்பா, தம் வயலில் வேலை செய்தவர்களுக்குக் கையில் படாமல் தண்ணீரைத் தூக்கி ஊற்றியே பழகியவர். அந்த நினைப்பு வந்ததும் இவருக்குக் கை தானாக நீண்டுவிட்டது. ஒரு டம்ளரில் நமக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று டம்ளரில் வாய்வைத்து முழுசாகக் குடித்தார். ரேணுகாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு, அப்பாவின் பாவத்தில் கொஞ்சம் கழித்தாயிற்று என்ற நினைப்போடு வண்டியை எடுத்தார்.

சோதிக்க வந்தவரே குடித்துவிட்டார் என்று தெருவே குடித்தது. அறிக்கை இருபத்துமூன்றாம் நாள் வந்தது. கிணற்றையும் கொட்டகையையும் மூடினார்கள். ரேணுகாவின் பிள்ளை இறந்தே பிறந்தது. தண்ணீரால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இருக்கலாம். இமானுவேல் போய் அந்த வாசலில் நின்றார். "நீங்க குடிச்சதப் பாத்துத்தேன் சார் நானும் குடிச்சேன்" என்றாள் ரேணுகா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் அவர் சொம்பை வாங்குவதில்லை. தன் வாயை யாரும் அறிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்துவிட்டார்.

இந்த மார்ச் முதல் வாரத்தில் வேறொரு காலனி. மூடிய கொட்டகை சத்தமில்லாமல் அங்கே இடம் மாறியிருந்தது. அவர் நாற்பது எண்ணுவதற்குள் குப்பி இருண்டது. மறுபடி அலசி, வேறு குப்பியில் பார்த்தார். அதுவும் இருண்டது. துணியை மடித்து வைத்தார். அவர் தண்ணீர் பிடித்த அதே அடிகுழாயில் ஏழெட்டுக் குடங்கள் வரிசையில் இருந்தன. ஒரு பெண் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். யோகலட்சுமி என்பவர் சொம்போடு வந்தார்.

"வேணாம்மா. ரிப்போர்ட்டு வரும்."

"போன வருசமும் வந்தீக, வேணாம்னீக. அதுக்கு முந்தியும் அப்படித்தேன். எங்க தண்ணி ஆகலையா, இல்ல எங்க கை ஆகலையா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க சார். வேற எதுவும் கேக்கல."

மேடத்தின் முகம் நினைவுக்கு வந்தது. புதுப்பிக்கும் காகிதம் அவர் மேசையில்தான் இருக்கிறது. காலையில் சகாயராணி வாசல் வரை வந்து, "போற எடத்துல வாயத் தொறந்துராதீக" என்று சொல்லி அனுப்பியதும் நினைவுக்கு வந்தது. குழாயடியில் பெண்கள் குடங்களை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

இமானுவேல் இரண்டு கையாலும் சொம்பை வாங்கினார். எல்லோரும் பார்க்க அதைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை புழுதியில் ஊற்றினார். பிறகு அந்த வெறும் சொம்பின் விளிம்பை உதட்டில் அழுந்த வைத்து, குடிப்பதுபோல் அண்ணாந்தார்.