உட்கார்ந்து சாப்பிட்டால் போடுகிறேன்

பள்ளியில் சத்துணவு மணி அடித்த நேரத்தில் என் கணவர் தொலைபேசியில் அழைத்தார். வேலை நேரத்தில் அழைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "அண்ணி போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அடுப்பில் உலையும் வைத்துவிட்டு, கட்டிலில் சற்று உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். என் ஓரகத்தி சின்னப்பொண்ணு அக்காவின் மறைவுச் செய்தி எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. அப்போது கையில் இருந்த வருகைப் பதிவேட்டை எங்கே வைத்தேன் என்று இன்னும் நினைவு வரவில்லை. மறுநாள் வேறொரு ஆசிரியை தேடி எடுத்திருக்கிறார்.

ஓரகத்திக்கு அஞ்சலிக் கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எலியும் பூனையுமாக இருப்பதுதானே வழக்கம். நாங்களும் சண்டை போட்டிருக்கிறோம், அதில் பெரும்பாலும் நானே தோற்றிருக்கிறேன். பெயரிலேயே எங்கள் வீட்டுக் குழப்பம் தொடங்கிவிடும். பெரிய மருமகளுக்குச் சின்னப்பொண்ணு என்று பெயர். சின்ன மருமகளான நான் அவரைவிட ஒரு சாண் உயரம். இந்தக் குள்ளமான பெண்மணி எங்கள் குடும்பத்தில் பெற்ற வெற்றியை எங்கள் தெரு முழுக்க அறியும். அறியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. என் கணவரின் அண்ணன் கோவிந்தன் அந்நாளில் கல்வராயன் மலையிலிருந்து ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் லாரி ஓட்டினார். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊருக்குக் கிழங்கு ஏற்றப் போய்ப் போய், கடைசியில் கல்யாணமும் செய்துகொண்டு அக்காவோடு கீழே இறங்கினார். மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனார் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. மலைக்காரி கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று ஊரறியச் சொன்னார், சொன்னபடியே இருந்தார். பெரியவர் கோவிந்தனும் அக்காவும் சாலையோரம் இருந்த எங்கள் கொல்லை நிலத்தில் ஒரு கூரைக் கொட்டாய் போட்டுக்கொண்டு தனி அடுப்பு மூட்டினார்கள். அப்பனும் மகனும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்தாலும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

சில வருடம் கழித்து நான் இந்த வீட்டுக்கு வந்தேன். எனக்கு ஊர் எலவனாசூர்கோட்டை. ஆறாம் வகுப்பிலிருந்து விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவள். டீச்சர் மருமகள் என்று மாமனாருக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமை முதல் வாரச் சாம்பாரிலேயே கரைந்துவிட்டது. சோறு வடிப்பேன், அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. நான் வைக்கும் குழம்பில் பருப்பு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமும் கோபித்துக்கொண்டு நிற்கும். மாமனார் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மோரை ஊற்றிக்கொள்வார். மூன்று மாதத்தில் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

கொல்லைக்குப் போய்க் காலைப் பால் வாங்கிவருவது என் வேலை. அக்கா கறந்த பால் மாமனாருக்கு ஆகும். அக்கா காய்ச்சிய பால் ஆகாது. இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள் என்று எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு நாள் பாலுக்குப் போய் நின்றபோது அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, மாமா ஒழுங்கா சாப்புடறாரா?"

நான் அழுதுவிட்டேன். அக்கா உள்ளே போய் இன்னொரு தூக்கு நிறைய மொச்சைக்கொட்டைக் குழம்பு ஊற்றி மூடி எடுத்துவந்தார். மலையில் அவருடைய அண்ணன் வீட்டில் விளைந்த மொச்சை, மலைப் புளி, கோடையில் அவரே உருட்டிக் காயவைத்த வெங்காய வடகம். மூடியிருக்கும்போதே வாசனை வெளியே வந்தது.

"நீ வெச்சதுன்னே போடு. அந்த மனுசன் வவுறு நெறையட்டும்" என்றார்.

அன்று மாமனார் மூன்று முறை சோறு வாங்கினார். மறுநாளிலிருந்து பால் வாங்க நான் இரண்டு தூக்கோடு போனேன். புளிச்சக்கீரைக் கடைசல், கொள்ளு ரசம், கருவாட்டுக் குழம்பு என்று வாரம் முழுக்க அக்கா ஆக்கினார், நான் ஊற்றினேன், மாமனார் சாப்பிட்டார். என் சின்ன மருமகள் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தார். கேட்டவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். உள்ளே குறுகுறுத்தது என்பது உண்மை. ஆனால் பொய்யாகக் கிடைத்த புகழும் நன்றாகவே இனித்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டால், சொன்னால் அவர் பட்டினி கிடப்பார், வேண்டாம் என்று தடுத்துவிடுவார்.

இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. பக்கத்து வீட்டுக் கனகா தன் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்று, மொச்சைக் குழம்பின் பக்குவத்தை என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியாருக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? மொச்சையை முதல் நாளே கெட்டிப் புளித்தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், அதிலேயே வேக வைக்க வேண்டும் என்று கரும்பலகை முன் நின்று சொல்வதைப் போல விளக்கினேன்.

விருந்து முடிந்த பிற்பகலில் கனகா குழம்புச் சட்டியோடு வந்து வாசலில் நின்றார். மாமனார் அங்கேதான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பெரிப்பா, உங்க மருமவள கேளுங்க. புளியில ஊற வெச்சா மொச்ச எந்தக் காலத்துல வேவும்? கல்லாட்டம் கெடக்குது. இவங்க ஒரு நாளும் மொச்ச ஆக்கனவங்களே இல்ல."

மாமனார் ஒரு மொச்சையை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நான் இத்தினி நாளா துன்னது யாரு ஆக்கனது?" என்றார்.

சொன்னேன். கனகா சட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார். மாமனார் என்னைத் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனார். மூன்று நாள் மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு. என் கணவர் கூப்பிட்டும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. கொல்லைக்குப் பாலுக்குப் போனால் பெரியவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இருந்த கொஞ்ச ஒட்டும் இனி அறுந்துவிடும், அதை அறுத்தவள் நான்தான் என்று நினைத்து நான் கிடந்து தவித்தேன்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிய மாமனார் முன்னால் நானே வைத்த ரசத்தைக் கொண்டுபோய் வைத்தேன். ரசத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து போய்த் தூக்கை எடுத்துக்கொண்டு கொல்லையை நோக்கி நடந்தார். செய்தது நான் அல்லவா, பின்னாலேயே ஓடினேன்.

அக்கா கொட்டாய்க்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மாமனார் வாயிற்படியில் நின்று தூக்கை நீட்டினார். அக்கா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தூக்கை இரண்டு கையாலும் வாங்கினார். குழம்பு ஊற்றப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தூக்கை மூலையில் கவிழ்த்துவைத்துவிட்டு வந்து எதிரில் நின்றார்.

"உக்காந்து சாப்புடறதா இருந்தா போடறன் மாமா. எடுத்துக்கினு போறதா இருந்தா இல்லீங்க. இத்தினி நாளு திருட்டுத்தனமா சோறு போட்டன். இனிமே என்னால முடியாது."

குரல் உயரவில்லை. மாமனார் திரும்பிப் போனால் இந்தப் படியை இந்த ஜென்மத்தில் மறுபடி மிதிக்க மாட்டார். மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்த பெரியவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் தூக்கைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அக்கா வாழையிலையைக் கழுவிப் போட்டார். நெல் சோறுகூடப் போடவில்லை. அவர்கள் வீட்டில் அன்று ஆக்கியிருந்த சாமைச் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். பாதி இலை காலியான பிறகுதான் மாமனார் பேசினார்.

"வடகம் நீ போட்டதா?"

"நான்தாங்க மாமா."

"காரம் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சோறு வாங்கினார். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்வெட்டியைத் தேடினார். அது அவர் காலடியிலேயே கிடந்தது.

அந்த வாரமே எங்கள் வீட்டு அடுப்பை அணைத்தோம். நால்வரும் மாமனாரும், பிறகு பிறந்த பிள்ளைகளும் கொட்டாயில் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். அந்த வருடம் பலா பழுத்தபோது மாமனார் பெரியவரோடு வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினார். சம்பந்தி வீட்டில் இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, மடியில் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு திரும்பிவந்தார்.

அக்காவைப் பழங்காலத்து ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மிக்ஸி வந்த அன்றே அம்மியைத் தூக்கி மாட்டுக் கொட்டகைக்குப் படியாகப் போட்டவர். செல்பேசியில் சமையல் காணொளிகள் பார்த்து, எண்ணெய் காயுமுன் கடுகு போடுகிறவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவார். கடலை பிடுங்கும் நாளில் கொல்லையிலேயே அவித்துக் குவிப்பார், சாலையில் போகிறவர்களும் உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் போக வேண்டும். எனக்குச் சமையல் கடைசிவரை வரவில்லை. வரவிடவில்லை என்றும் சொல்லலாம். கரண்டியைத் தொட்டால் போதும், "டீச்சரு, நீ பாடம் நடத்து. அடுப்ப எங்கிட்ட வுடு" என்பார். நான் ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்வதாகப் பேசிவைத்திருந்த காரியங்கள் பல. அதில் ஒன்றுகூட நடக்காமல் போனது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

அக்காவின் உடலுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போர்த்த மலையிலிருந்து இரண்டு வேனில் ஆட்கள் வந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி துக்க வீட்டில் அன்று அடுப்பு மூட்டக் கூடாது, உறவுக்காரர்கள்தான் வந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட வேண்டும். அக்காவின் அண்ணன் சடையன் என்னைத் தனியே அழைத்தார். சாமை, அரிசி, மொச்சை எல்லாம் மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார்.

"ஆக்கறதுக்கு உங்க ஆளுங்களையே வெச்சிக்குங்க டீச்சர். உங்க வூட்டுல சாப்புடுவாங்க, தெரியும். ஊரு முழுக்க வந்திருக்குது. நாங்க ஆக்கனா சாப்புடாதுங்க."

சின்னசேலத்திலிருந்தும் ரிஷிவந்தியத்திலிருந்தும் வந்த எங்கள் சொந்தக்காரர்கள் பந்தலில் நிறைந்திருந்தார்கள். அவர் பயந்ததில் தவறில்லை. மாமனாருக்கு இப்போது காது மந்தம், கண்ணும் மங்கல். அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னேன். கம்பை ஊன்றி எழுந்தவர் சடையனின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"எனுக்கு சோறு போட்ட பொண்ணு. அவ பொறந்த வூட்டுக்காரங்கதான் ஆக்கணும். நான் மொதல்ல உக்காருவன். மத்தவங்க அவங்கவங்க இஷ்டம்."

மலைப் பெண்கள் தெரு ஓரத்தில் கல் கூட்டி அண்டாவை ஏற்றினார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பி எல்லோரும் குளித்துவிட்டு வந்தபோது நீளமாக இலை போட்டிருந்தது. அந்த வரிசையில் மாமனார் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். சடையன் கையில் கரண்டியோடு நின்றார். சொந்தக்காரர்கள் பந்தல் ஓரத்திலேயே நின்றார்கள். முதலில் கனகா வந்து உட்கார்ந்தார், பக்கத்தில் அவருடைய மருமகன். வேகாத மொச்சையைத் தின்ற பிறகும் அந்தச் சம்பந்தம் கூடிவந்திருந்தது. அவர்களுக்கு அப்புறம் சின்னசேலத்து மாமா, ரிஷிவந்தியத்து அத்தை, டீக்கடைக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து வரிசை நிறைந்தது. அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க, சாப்பிடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

அக்கா, ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. உங்கள் அண்ணன் கொண்டுவந்த மொச்சை போதவில்லை, வீட்டில் இருந்ததையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது அண்டா ஏற்றினார்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.