சோக மியூசிக் போட்டு வந்த செய்தி

பெருங்காயமும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை... கரையான்சாவடி மெயின் ரோட்டில் அண்ணாச்சியின் மளிகைக் கடைக்குள் நுழைந்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறும். பருப்பு மூட்டைக்கு மேலே ஒரு பலகையில் கறுப்பு டெலிஃபோன் இருக்கும். டயலில் சின்னதாக ஒரு பூட்டு.

எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். ஊரில் இருப்பவர்களுக்கு அந்த நம்பரைக் கொடுத்து, ஃபோன் எங்களுடையது இல்லை, கூப்பிட்டுவிட வேண்டும் என்பதற்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவோம். யாருக்காவது ஃபோன் வந்தால் அண்ணாச்சி ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்.

நான் டீச்சர் வேலையில் சேர்ந்த புதிது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், பின்னாலேயே அண்ணாச்சியும் அவர் மனைவியும் வந்து நிற்கிறார்கள். கடையை விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

"டீச்சரம்மா, சாப்ட்டியளா?"

"இப்பதான் அண்ணாச்சி வரேன்."

"மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. ஊர்லேருந்து ஃபோன் வந்துச்சு. அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாம்... பொறப்பட்டு வரச் சொன்னாவ."

'முடியலையாம்' என்றால் என்னவென்று அப்போது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போனால் எடுக்கும் வரைக்கும் ஒன்றும் சாப்பிட முடியாது. அதனால்தான் அந்த அம்மா சோற்றைப் பிசைந்து என் கையில் வைத்தார். புடவையை மடித்துப் பையில் வைத்தார். பஸ் ஏற்றிவிட்டு, பக்கத்து சீட்டில் ஒரு பெண் உட்காரும் வரை நின்று பார்த்தார். பஸ் பூந்தமல்லியைத் தாண்டிய பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஏக்கம் இல்லை. கோபம்.

இப்போது பருத்திப்பட்டில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன். மேல் வீட்டில் கவிதா, அவள் கணவர், பத்தாவது படிக்கும் மகள் நிலா. கொஞ்ச நாளைக்கு முன், நிலா பள்ளிவிட்டு வரும் நேரம், கவிதா ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், அவரை ஒரு லாரி இடிச்சிடுச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல, கால்ல ஆபரேஷன். பாப்பா வந்திருப்பா. நான் வந்து சொல்ற வரைக்கும் அவளுக்கு எதுவும் தெரிய வேணாம். ப்ளீஸ் டீச்சர்..."

சரி என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அடுத்த நிமிஷம் எங்கள் ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ.

ரோட்டில் கிடக்கிறார் அவர். ஹெல்மெட், கவிழ்ந்த பைக், சிதறிய சாப்பாட்டுப் பை. பின்னணியில் யாரோ சேர்த்த சோகமான புல்லாங்குழல். கீழே வரிசையாக 'ஆர்.ஐ.பி.', கும்பிடும் கைகள். அதற்கும் கீழே ஒருவர், 'இது சி பிளாக் வண்டி மாதிரி கீதே?'

போட்டது கீழ் வீட்டு முரளி. படியிறங்கி ஓடினேன்.

"முரளி, அதை உடனே அழிங்க."

"இன்னா டீச்சர், இவ்ளோ டென்ஷன் ஆவுறீங்க? நம்ம குரூப்ல மொதல்ல போட்டதே நான்தான்."

"அது மேல் வீட்டு கவிதாவோட வீட்டுக்காரர். உயிரோட இருக்கார்."

முரளி ஃபோனை எடுத்து வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தார். "ஐயோ... மூஞ்சி தெரிலயே டீச்சர். மியூசிக் போட்டு வந்துச்சா... ஆளு பூட்டாருன்னு நெனச்சிட்டேன்."

மியூசிக் போட்டு வந்தால் செத்துவிட்டார் என்று அர்த்தமாம்!

வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மார்க் குறைந்திருந்தால் விடைத்தாளைக் கவிழ்த்துதான் கொடுப்போம். மறைப்பதற்காக இல்லை. அது அவனுடைய செய்தி, முதலில் அவன்தான் பார்க்க வேண்டும். இந்தச் சின்ன மரியாதை கூட அடிபட்டுக் கிடக்கும் மனிதனுக்குக் கிடையாதா? அண்ணாச்சிக்கு ஒரு ஃபோன்தான் இருந்தது. எதை யாரிடம், எந்த நேரத்தில் சொல்லலாம் என்ற யோசனையும் கூடவே இருந்தது. இப்போது ஆளுக்கு ஒரு ஃபோன், யோசிக்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. அடுத்த குரூப் முந்திவிடுமே!

முரளி அழித்தார். நான் மேலே போனேன்.

நிலா யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய டியூஷன் குரூப்பிலும் வந்திருந்தது. சாப்பாட்டுப் பையை வைத்து அப்பா என்று கண்டுபிடித்துவிட்டாள். அழவில்லை. அதே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், கடைசியில பாருங்க. கை அசையுதுல்ல? எல்லாரும் ஆர்.ஐ.பி. போட்டிருக்காங்க... ஆனா அசையுது. நீங்க பாருங்க."

பார்த்தேன். அசைந்தது. "அப்பா நல்லா இருக்கார்டி. அம்மா இப்பதான் பேசினா" என்று ஃபோனை வாங்கி வைத்தேன். அவள் நம்பவில்லை. என்னைவிட அந்த வீடியோவைத்தான் நம்பினாள். கவிதா வந்து அவளைக் கட்டிக்கொள்ளும் வரை என் கையிலிருந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பிழைத்துவிட்டார். ஸ்டிக் வைத்துக்கொண்டு நடக்கிறார். மனிதர் தேறிவிட்டார், வீடியோ மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் மதுரையிலிருந்து என் தம்பி அதையே அனுப்பினான். பாட்டை மாற்றியிருந்தார்கள். 'குடும்பத்தைத் தவிக்க விட்டுப் போனவர்' என்று எழுத்து ஓடியது. உடனே கூப்பிட்டேன்.

"உங்க பக்கம்தானேக்கா. ரோட்ல பாத்துப் போவீங்களேன்னு அனுப்பினேன்."

"அந்த ஆளு மேல் வீட்ல உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருக்கார்டா."

"சாரிக்கா, அழிச்சுடறேன்" என்றான்.

"நீ எத்தன பேருக்கு அனுப்பின?"