அடிக்காமல் எழுதின திகதி

மருந்தடிக்கிற வீரகத்தியரில் ஐயாத்துரைக்கு இருந்த கோபம் ஒரு பூனையில் தொடங்கினது. ஒன்பது வருசமாக அவன் அதை ஆறவிடவில்லை.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஆடி மாதம் முரசுமோட்டையில் வீடு வீடாக, மலேரியா பரப்புகிற நுளம்புக்கு டி.டி.ரி. அடித்தார்கள். மண்சுவரெல்லாம் மருந்து வெள்ளையாய்ப் படிந்தது. ஐயாத்துரையின் பூனை அந்தச் சுவரோடு உரஞ்சி, உடம்பை நக்கி, மூன்று நாள் நடுங்கிச் செத்தது. பூனை போக எலி வந்தது. நெல் கொட்டிவைக்கிற கொம்பறைக்குள் புகுந்து, மாரி மழைக்கு விதைக்கிற காலபோகத்துக்கென்று வைத்திருந்த எட்டுப் புசல் விதைநெல்லையும் உமியாக்கினது. பிறத்தியாரிடம் கேட்டு வாங்கி விதைக்க மூன்று கிழமை பிந்திப்போனது. முளை தலையெடுக்க முந்தி மாரி வெள்ளம் வந்து மூடினது. அந்த வருசம் அவன் அரிவாளைக் கையால் தொடவில்லை.

போய்க் கேட்டபோது வீரகத்தியர் சைக்கிளை விட்டு இறங்கவுமில்லை.

"பூனைக்கு நான் பொறுப்பில்லை, தம்பி."

போகம் போனதைவிட அந்தச் சொல்லுத்தான் ஐயாத்துரைக்குச் சுட்டது.

வீரகத்தியர் துணுக்காய்ப் பக்கத்து ஆள். காக்கிக் காற்சட்டை, ஓலைத்தொப்பி, மூக்கைச் சுற்றிக் கட்டின சீலைத்துண்டு, தோளில் பம்பு. இருபத்திரண்டு வருசமாக அதுதான் கோலம். தன்னில் மருந்து மணக்கிறதென்று மற்றவர்கள் சொல்ல முதல், தானே வேலியடியில் நின்று தன்னுடைய தகரப் பேணியை நீட்டித் தேத்தண்ணி வாங்குவார். தண்ணிப்பானைகளைத் தானே பார்த்து மூடுவார். சாமிப்படங்களில் மட்டும் கை வைக்கமாட்டார், வீட்டுக்காரிதான் கழற்ற வேண்டும். பொங்கலுக்கென்று யாராவது மருந்துச் சுவரில் சாணி மெழுகிவிட்டால் ஒரு கதையும் இல்லை, மற்றக் கிழமை வந்து திரும்ப அடிப்பார். அடித்து முடிய வாசல் நிலையில் வெண்கட்டியால் திகதி எழுதுவார். மருந்தடிக்கிறவர்களை மேய்க்கிற ஓவசியர் வந்து பார்க்கிறதும் அந்தத் திகதியைத்தான். திகதி இல்லாத வீட்டுக்குப் பொலிசோடு வருவார்கள் என்று ஒரு பேச்சும் இருந்தது. அவருடைய தாயும் இரண்டு சகோதரங்களும் ஒரே மாரியில் மலேரியாக் காய்ச்சலில் போனவர்களாம். அதுவும் ஆக்கள் சொல்லித்தான் தெரியும். அவர் வாயால் ஒருவரும் கேட்டதில்லை.

இடையில் நாலைந்து வருசம் காய்ச்சல் இல்லாமல் போனது. மருந்தடியும் நின்றது. அறுபத்தெட்டு மாசியில் இரண்டும் திரும்பி வந்தன.

ஐயாத்துரையின் மனிசி கமலாசனிக்கு அப்போது ஐந்து மாதம். கலியாணம் கட்டிப் பதினொரு வருசத்துக்குப் பிறகு தங்கின பிள்ளை.

வீரகத்தியர் ஐயாத்துரை வீட்டு ஒழுங்கைக்குள் வந்தபோது தலை நரைத்திருந்தது. பக்கத்து வீட்டு நேசமலர் தன் பாய் தலையணைகளை முற்றத்தில் போட்டுவிட்டு நின்றாள்.

"வந்திட்டார். உங்கட மருந்துக்கு நுளம்பு சாகுதோ தெரியாது, மூட்டைப்பூச்சி நல்லாக் கொழுக்குது."

"மூட்டை கடிச்சுச் செத்த ஒருத்தனைக் காட்டு பிள்ளை, நான் இப்பிடியே திரும்பிப் போறன்."

அவளுடைய வீட்டை அடித்து முடித்து இங்கால் வந்தார். ஐயாத்துரை வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"சாமானுகளை வெளியில எடும், தம்பி."

"ஏலாது."

"ஏன்?"

"பூனை நிக்குது."

வேலிக்கு அங்கால் நேசமலர் சிரித்தாள். வீரகத்தியர் சிரிக்கவில்லை.

"பூனையை ரெண்டு கிழமைக்கு வேற எங்கையும் விடும்."

"விதைநெல்லையும் வேற எங்கையும் விடட்டோ? போன முறை எட்டுப் புசல். பூனைக்கு நான் பொறுப்பில்லை எண்டு சொன்னனீர். அப்ப ஆர் பொறுப்பு? நானோ, எலியோ?"

உள்ளுக்கிருந்து கமலாசனியின் குரல் வந்தது. "இஞ்சாருங்கோ, விடுங்கோவன். ஒருநாள் வேலைதானே."

"நீ சும்மா இரு."

வீரகத்தியர் பம்பை இறக்கி வைத்தார். சட்டைப்பையில் இருந்து வெண்கட்டியை எடுத்து, வாசல் நிலையில் 12-2-68 என்று எழுதினார். கை நடுங்கினது. எழுதிவிட்டுப் பம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு சொட்டு மருந்து வீட்டுக்குள் போகவில்லை.

அவர் பயந்துபோனார் என்று ஐயாத்துரை நினைத்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கினது.

திகதி எழுதிப் பத்தொன்பதாம் நாள் மத்தியானம், உலை வைத்துக்கொண்டிருந்த கமலாசனி குசினிக்குள் சுருண்டு விழுந்தாள். பல்லுக் கிட்டினது. மூன்று சாக்குப் போர்த்தும் நடுக்கம் நிற்கவில்லை. உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான். வழி நெடுக அவள் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. டொக்டர் வந்து பார்த்தார்.

"பிள்ளைத் துடிப்பு இருக்குது. ஆனா இன்னொருக்கால் இப்பிடிக் காய்ஞ்சால் தங்காது. வீட்டுக்கு மருந்தடிச்சதோ?"

ஐயாத்துரை கணக்குப் பார்த்தான். இல்லையென்று சொன்னால் ஏன் என்று கேட்பார். மறித்தவன் பெயர் வரும், பொலிஸ் வரும்.

"ஓம் ஐயா. திகதியும் போட்டிருக்கு."

"அப்ப பயமில்லை. நாளைக்குக் கூட்டிக்கொண்டு போம்."

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் கமலாசனி முகத்தை மற்றப்பக்கம் திருப்பினாள்.

"ஆருக்குப் பொய் சொல்லுறியள்? டொக்டருக்கோ, நுளம்புக்கோ?"

அவன் சுடுதண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அடித்துத் தாருங்கோ என்று ஓவசியரிடம் போய்ச் சொன்னால், அடித்த வீட்டை ஏன் திரும்ப அடிக்க வேண்டும் என்பார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கு அவளை அந்தச் சுவர்களுக்கு நடுவில்தான் கிடத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விறாந்தையில் நடந்தான்.

ஆம்பிளைகள் பக்கத்து விறாந்தையில் கட்டில் இல்லாதவர்களைப் பாயில் போட்டிருந்தார்கள். ஒரு பாயின் தலைமாட்டில் தகரப் பேணி ஒன்று கிடந்தது. அதைத்தான் முதலில் கண்டான். பிறகுதான் ஆளைப் பார்த்தான். கண் மஞ்சளடித்து, கன்னம் உள்ளுக்குப் போய், வீரகத்தியர்.

"ஐயாத்துரையோ? ஆருக்குச் சுகமில்லை?"

"மனிசிக்கு. ஐஞ்சு மாசம்."

வீரகத்தியர் கண்ணை மூடினார். செத்துப்போனாரோ என்று ஐயாத்துரை குனிந்தான்.

"அண்டைக்கே எனக்குக் குளிர் பிடிச்சிட்டுது," என்றார். "எழுதேக்கை கை நடுங்கினதைப் பாத்திருப்பீர். விதைநெல்லைச் சொன்னீர், எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. உம்மோட மல்லுக்கட்டிப் போட்டு உள்ளுக்கு வந்து அடிக்க ஏலாமல் நாரி முதுகெல்லாம் உளைஞ்சு கிடந்தது. இந்த இருபத்திரண்டு வருசத்தில அடிக்காமல் எழுதினது அது ஒண்டுதான்."

"நான்தானே அண்ணை மறிச்சனான்."

அண்ணை என்ற சொல் எப்படி வந்ததென்று ஐயாத்துரைக்கே தெரியவில்லை. பேணியைக் கழுவி, சுடுதண்ணி வார்த்துப் பருக்கினான். பாதி நெஞ்சில் வழிந்தது.

மற்ற நாள் காலமை அந்தப் பாய் சுருட்டிச் சுவரோடு சாத்தியிருந்தது. ஆனபடியால் வீரகத்தியர் அவனிடம் கேட்ட கடைசிக் காரியம் முதல்நாள் பின்னேரம் பாயில் கிடந்தபடி கேட்டதுதான். அவனுடைய இடுப்புச் சறத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார்:

"அவவை நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகாதையும், இன்னும் ரெண்டு நாள் இஞ்சை கிடக்கட்டும். நீர் இப்பவே வீட்டை போம். பூனையைச் சாக்கில போட்டு, மருந்தடியாத இடமாப் பாத்துக் கொண்டுபோய் விடும். எலி பூராமல் கொம்பறையைத் தகரத்தால அடையும். பிறகு ஈரச்சீலையால அந்தத் திகதியைத் துடையும். துடைச்சுப்போட்டு ஓவசியரிட்டப் போய், வீரகத்தி அடிக்காமல் எழுதினவன் எண்டு என்ர பேரைச் சொல்லும். நீர் மறிச்ச கதையை எடுக்காதையும், அவங்கள் அதில நிண்டு நியாயம் பிளந்துகொண்டு நிப்பாங்கள். கையோட ஆளையும் பம்பையும் கூட்டிக்கொண்டு வந்து, நீரே வாசலைத் திறந்துவிடும்."