பதினொரு எட்டாம் நம்பர்

ஆரணியில் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு கால்பந்து ஆடிய டீம் எங்களுடையது ஒன்றுதான். இனிமேல் இன்னொன்று வராது. வந்தால் நானே போய்த் தடுத்து நிறுத்துவேன்.

எழுபதுகளின் கடைசி. ஸ்கூல் முடித்துவிட்டு அப்பாவோடு தறி வேலையில் இருந்தேன். சாயங்காலமானால் கோட்டை மைதானம். டிரில் மாஸ்டர் ஒருவர் பெண்களுக்கென்று ஒரு டீம் சேர்த்திருந்தார். நான் நடு ஆட்டக்காரி. பின்னால் இருப்பவர்களிடமிருந்து பந்தை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கோல் போடுகிறவளைத் தோளில் தூக்குவார்கள், தடுக்கிறவளுக்குக் கை தட்டுவார்கள், நடுவில் ஓடி ஓடிச் சாகிறவளை ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது. ஆனாலும் எனக்கு அதில்தான் பைத்தியம்.

அந்த வருஷம் நாங்கள் வேலூர் டீமோடு ஆடுவதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள். மாநில டீமுக்கு ஆள் எடுக்கிறாராம். வீட்டிலோ எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் சண்டை போட்டு ஒரு வாக்கு வாங்கினேன்.

"அவரு உன்ன எடுத்தா கல்யாணத்த தள்ளிப் போடறேன். எடுக்கலன்னா பந்த மறந்துடணும்."

"சரி நைனா," என்றேன்.

போட்டிக்கு நம்பர் போட்ட சட்டை வேண்டும் என்று மாஸ்டர் வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நெசவுக்காரன் பொண்ணு கடைத்துணி போட்டுகினு ஆடறதா? எல்லாருக்கும் நான் நெய்யறேன் சார். நம்பர் என்னா?" மாஸ்டர் என்னைக் காட்டி, "இவ எட்டு," என்றார். மீதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா தறியில் உட்கார்ந்துவிட்டார்.

அரக்குச் சிவப்பில் பட்டு, ஓரத்தில் ஜரிகைக் கரை, முதுகில் ஜரிகையிலேயே பெரிய எட்டு. தைத்து வந்த பதினொன்றையும் பாயில் விரித்தபோது மாஸ்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கோல்கீப்பர் உள்பட எல்லோருக்கும் எட்டு.

"என்ன நைனா இது?" என்று கத்தினேன். அவர் என்னைவிட அதிகமாகக் கத்தினார்.

"தறி மேல இருக்கற ஜக்கார்டு பொட்டியில எந்த டிசைன் அட்டைய கோத்தமோ அதான் வரும். மயிலுன்னா பாவு முழுக்க மயிலு, எட்டுன்னா பாவு முழுக்க எட்டு. ஒரே பாவுல ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எவனாச்சும் நெய்வானா? மயிலுக்குப் பக்கத்துல மாடா போடுவாங்க?"

வேறு சட்டைக்கு நேரமில்லை. போட்டியன்று ஊரே வந்திருந்தது. பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்க, பாதிப் பேர் கரையைப் பார்க்க. பின்வரிசையில் ஆடிய பெண்ணை அவள் அம்மா தலைக்குக் குளிப்பாட்டி, பூ வைத்து, "பட்டு போட்டுகினு மண்ணுல வுழக் கூடாது" என்று சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தாள். அவள் கடைசிவரை விழவில்லை, பந்து பக்கமும் போகவில்லை. வெயிலில் பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது. ரெஃப்ரி பாடுதான் பெரிய பேஜார். "நம்பர் எட்டு, ஃபவுல்!" என்று அவர் ஊதினால் பதினொரு பேரும் "நானில்ல சார்" என்றோம். எட்டாம் நம்பருக்கு இரண்டாம் தடவை மஞ்சள் கார்டு காட்டிவிட்டு, "வெளிய போம்மா," என்றார். யாரும் அசையவில்லை. பசி தாங்காத எங்கள் கோல்கீப்பர், "நான் போறேன் சார்," என்று கிளம்பினாள். மாஸ்டர் ஓடிவந்து அவளை இழுத்துப் போய்க் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தினார். அதன் பிறகு ரெஃப்ரி கார்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்தக் கூத்திலும் நான் நன்றாக ஆடினேன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் போட்டுக் கொடுத்த இரண்டு பந்தையும் முன்வரிசை நெட்டைக்காரி கோலாக்கினாள். ஜெயித்தோம்.

நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்த அதிகாரி எழுந்து வந்தார். "அந்த எட்டாம் நம்பர் பொண்ணு பிரமாதம். யாரும்மா அது?" பதினொரு கையும் மேலே போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு மாஸ்டரோடு தனியாகப் பேசிவிட்டு வந்து, "கோல் போட்ட எட்டு, பந்து கொடுத்த எட்டு, ரெண்டும் நல்லா ஆடிச்சு. ஒருத்தியத்தான் எடுக்க முடியும்," என்றார். என் பக்கத்தில் வந்து நின்றிருந்த அப்பாவிடம் திரும்பி, "இது உங்க பொண்ணுதானே? எப்படி, தேறுவாளா?" என்றார்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். முதலாளியிடம் புடவையைக் கொடுக்கும்போது அப்படித்தான் நிற்பார். "சுமாராத்தாங்க வந்துகீது, கரை கொஞ்சம் இழுக்குது" என்று தானே குறை சொல்வார். தன் சரக்கைத் தானே மெச்சிக்கொள்வது அசிங்கம் என்பது அவர் எண்ணம். முதலாளி விரித்துப் பார்த்து, "யோவ், சும்மா இருய்யா, தங்கமா இருக்குது," என்பார். எனக்குத் தெரிந்து ஒரு தடவைகூட அது தப்பியதில்லை.

"சுமார்தாங்க," என்றார் அப்பா. "வேகம் பத்தாது. எடது காலு கொஞ்சம் இழுக்கும்."

"நைனா!" என்றேன்.

"நல்ல வேளை, சொன்னீங்க," என்றார் அதிகாரி. நெட்டைக்காரியின் அப்பா பெயரைக் கேட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போன பிறகும் அப்பா கட்டிய கையைப் பிரிக்கவில்லை. "என்னம்மா இது," என்றார். "நான் சொன்னத அந்த ஆளு அப்படியே நம்பிட்டாரே."

அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சோறு போடுவேன், பேச மாட்டேன்.

கொஞ்ச நாளில் செய்யாறிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். கேசரியும் காபியும் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா பேச்சுவாக்கில், "பொண்ணு எப்படிங்க?" என்று கேட்டார். அறைக்குள் நின்றிருந்த நான் "சுமார்தாங்க" வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எம் பொண்ணு மாதிரி ஆரணியிலயே கிடையாதுங்க," என்றார் அப்பா. "நடுவுல நின்னான்னா அவள தாண்டி ஒருத்தி பந்த எடுத்துகினு போவ முடியாது. ரெண்டு காலும் அப்படி வேலை செய்யும். மெட்ராசுக்குப் போயிருக்க வேண்டியவ இவ."

மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். சகுனம் சரியில்லை, இன்னொரு நாள் வருகிறோம் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு அவர்கள் செருப்பைத் தேடினார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லு நைனா," என்றேன்.