பச்சை நாடா கட்டிய முகம்

படப்பிடிப்புத் தளத்தில் அவரை எல்லோரும் 'ஜோம்பி டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ மேக்கப்மேன்தான். ஆனால் செத்தும் சாகாமல் திரிகிற அந்த ஜென்மங்களை அவர் மாதிரி வகைபிரித்தவர் யாரும் கிடையாது. துரத்திக் கடிக்கிற ஜோம்பிக்குக் கையில் சிவப்பு நாடா; வாயெல்லாம் ரத்தம் பூச வேண்டும். விழுந்து கிடப்பதற்கு மஞ்சள். செத்துவிட்டது என்று நம்பிக் கிட்டே போனால் காலைக் கவ்விவிடும், அதுதான் இருப்பதிலேயே பொல்லாதது என்பார். சும்மா நடந்து திரிவதற்குப் பச்சை.

"இது பாவம்ப்பா. வழி தெரியாம அலையுது. கொஞ்சம் ஒதுங்கி நின்னா போதும், ஒண்ணும் பண்ணாது" என்று சாம்பல் பவுடரோடு விட்டுவிடுவார்.

வீட்டில் அவர் மனைவிக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று மகள் நச்சரித்தாள். மனுஷன் பிடிகொடுக்கவே இல்லை.

"என்னை அவளுக்குத் தெரியுதுல்ல? தெரியற வரைக்கும் அவ என்கூடத்தான் இருப்பா" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் காலம் தள்ளினார்.

அன்று கூட்டக் காட்சி. நாற்காலியில் ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். "கண்ணை மூடிக்குங்க" என்பார், நாடாவைப் பார்ப்பார், பூசுவார். ஆளைப் பார்க்க நேரமேது? அடுத்தது பச்சை நாடா. நெற்றியில் சாம்பலை ஒற்றினார், கன்னத்தில் இழுத்தார், கண்ணுக்குக் கீழே கறுப்பைத் தடவினார். காதோரம் ஒரு தழும்பு விரலில் தட்டுப்பட்டது. கல்யாணமான புதிதில் எண்ணெய் தெறித்த தழும்பு. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். கட்டிய மனைவியை, யாரென்றே தெரியாமல், பாதிப் பிணமாக்கி வைத்திருந்தார்.

வீடு பின்தெருவில்தான். அவளைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த பெண் கண்ணயர்ந்த நேரத்தில் கிளம்பி வந்திருக்கிறாள். கலைந்த தலையும் நைட்டியுமாகத் தளத்து வாசலில் நின்றவளைத் துணை நடிகை என்று நினைத்து, ஆள் கூட்டிவரும் ஏஜென்ட் நாடாவைக் கட்டி வரிசையில் விட்டிருக்கிறான்.

"நான்தாம்மா. என்னைப் பாரு" என்றார்.

அவள் பார்த்தாள். அறிமுகமில்லாதவரிடம் சிரிப்பது போல மரியாதையாகச் சிரித்தாள்.

"ஐயா, என் வீட்டுக்காரர் இங்கதான் மேக்கப் போடறார். அவரைப் பாக்கத்தான் வந்தேன். இந்த மூஞ்சியோட போனா பயந்துடுவார். கொஞ்சம் தொடச்சி விடறீங்களா?"

மகளிடம் அவர் சொன்ன 'தெரியற வரைக்கும்' இதோடு முடிந்துவிட்டது. எண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைக்கத் துடைக்க, அத்தனை பேர் பார்க்க, விம்மி விம்மி அழுதார். அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அழறீங்க? அவர் ரொம்ப நல்லவர். நான் சொல்லிக்கறேன், உங்களை ஒண்ணும் திட்ட மாட்டார்."