பெரிய எழுத்தில் எழுதிய கடவுச்சொல்

வங்கியிலோ மருத்துவமனையிலோ படிவம் கொடுத்தால் இப்போதும் எனக்குக் கை ஓடுவதில்லை. மனைவியிடம் கொடுத்து நிரப்பச் சொல்வேன். கண் மங்கல் என்று காரணம் சொல்வேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தேன். 2012 வாக்கில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைநிறுத்தம் நடந்தது. வருகிற பிள்ளைகள் முகநூலில் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்று பார்த்து எடுங்கள் என்றார்கள் மேலிடத்தில். வழி கண்டுபிடித்தது நான். விண்ணப்பத்தில் அப்பா பெயர், சொந்த ஊர், ரத்த வகைக்குக் கீழே இரண்டு வரி சேர்த்தேன்: முகநூல் முகவரி, கடவுச்சொல். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ரத்த வகையைப் போலவே அதையும் எழுதிக் கொடுத்தார்கள்.

கணக்குகளைத் திறந்து பார்ப்பது என் உதவியாளர் வேலை. உள்ளூர்க்காரர். திறக்காத படிவத்தை என் பக்கம் தள்ளுவார்.

"இன்னா சார், இதுவும் தொறக்கல. டுபாக்கூர் பாஸ்வேர்டு குடுத்துகீது."

பொய்த் தகவல் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அப்படிப் பதினாறு பேரை ஒதுக்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பதினாறில் ஒருத்தி நேரில் வந்து நின்றாள். திருநெல்வேலிப் பக்கம். டிப்ளமோ படித்தவள். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள்.

"போன்ல கேட்டா பொய்த் தகவல்ங்காவ சார். நான் என்ன பொய் எழுதுனேன்?"

"கடவுச்சொல் தப்பும்மா."

"இந்த மாசத்துக்குள்ள வேலை கெடைக்கலன்னா ஊருக்கு வந்துரணும்னு அப்பா சொல்லிட்டாவ சார். மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காவ. நான் போய் தப்பா எழுதுவனா? அந்த ஃபார்மக் காட்டுங்க."

காட்டினேன். பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"சார், இந்தா மேல போட்டிருக்கியள்லா, எல்லாத்தையும் கேப்பிடல் லெட்டர்ல எழுதணும்னு. அதான் அப்பிடி எழுதுனேன். நெசத்துல மொத எழுத்து மட்டுந்தான் கேப்பிடல்."

உதவியாளரின் கணினியில் குனிந்து அவளே அடித்தாள். திறந்தது.

"நம்ம ஃபார்முதான் டுபாக்கூரு சார்!" என்றார் உதவியாளர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டளையை எழுதியவன் நான். அதை அப்படியே கேட்டு எழுதியவர்களைத்தான் ஒதுக்கியிருக்கிறேன். இவளைச் சேர்த்தால் மற்றப் பதினைந்து பேரையும் திறந்து பார்த்தாக வேண்டும். என் தவறு என்று மேலே போய்ச் சொல்ல வேண்டும்.

"லிஸ்ட் போயிடுச்சும்மா. அடுத்த தடவை பார்க்கலாம்."

தேர்வானவர்கள் பட்டியல் என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது.

"அடுத்த தடவைன்னா எப்ப சார்?"

"கூப்பிடுவோம்."

படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "அப்ப அந்தப் பாஸ்வேர்டக் கிறுக்கி அழிச்சிருங்க சார்" என்றாள். சரி என்றேன்.

அழிக்கவில்லை. மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கணக்கை நானே திறந்தேன். என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பாளோ என்ற பயம். டீ வருவதற்குள் மூன்று முறை திறந்தேன். மதியம் திறந்தேன். வீட்டுக்குக் கிளம்பியவன் பாதிப் படியில் திரும்பி வந்து திறந்தேன். வியாழனன்று தன் அக்காவுக்கு அனுப்பிய செய்தி ஒன்று இருந்தது, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள். "அந்த சார் மேல தப்பில்லக்கா. நாந்தான் யோசிக்காம எழுதிட்டேன். ஞாயித்துக்கெழமை பஸ்ஸுக்கு வாரேன். அப்பாட்ட சொல்லிரு."

இரண்டு முறை படித்தேன். பட்டியல் இன்னும் என்னிடம்தான் இருந்தது. அவள் கைபேசி எண் படிவத்தில் இருந்தது. தொலைபேசியை எடுத்து நான்கு எண்களை அழுத்திவிட்டு வைத்தேன். பிறகு வராந்தாவில் நடந்தேன். வெள்ளிக்கிழமை மாலை, அவள் பெயர் இல்லாமலே பட்டியலை அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை கணக்கு திறக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டிருந்தாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. உதவியாளரை அழைத்து இரண்டு காபி சொல்லச் சொன்னேன்.